போல்ட் லூஸாகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

பெங்களூரின் பீன்யா பட்டறையில் கம்ப்ரஸரின் அடிக்கால் போல்ட் லூஸானாலும் சரி, அவுட்டர் ரிங் ரோட்டில் ஹம்ப் ஏறி இறங்கும் பைக்கின் நம்பர் பிளேட் கடகடத்தாலும் சரி, வழக்கமாகச் செய்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் இறுக்கி, அடியில் ஒரு ஸ்ப்ரிங் வாஷரைக் கொடுத்துவிடுவது. சில நாளில் மறுபடி அதே சத்தம். போல்ட் லூஸாவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குப் பலிக்காது. எந்த வகை என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பதில் பயனில்லை.

ஒரு அடிப்படையை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எம்8 அளவுள்ள (8 மி.மீ. விட்டம்) 8.8 கிரேடு (வலிமைக் குறி) போல்ட்டைச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கினால், அது இரண்டு தகடுகளையும் ஏறக்குறைய ஒன்றரை டன் விசையோடு சேர்த்து அழுத்தும். அந்தப் பிடிப்பு, இழுத்துப் போட்ட ரப்பர் பேண்டைப் போல, போல்ட் நீள்வதிலிருந்து வருகிறது. தலைக்கும் நட்டுக்கும் நடுவே 40 மி.மீ. இருந்தால் போல்ட் நீளும் அளவு சுமார் 0.08 மி.மீ. மட்டுமே. அதாவது 80 மைக்ரான். இடையில் இருக்கும் பெயிண்டோ பர்ரோ (விளிம்பில் எழும் உலோகப் பிசிறு) 40 மைக்ரான் நசுங்கினால் போதும், பாதிப் பிடிப்பு காணாமல் போய்விடும். நட் இம்மியும் திரும்பியிருக்காது.

போல்ட்டைக் கழலாமல் காப்பது முதலில் இந்தப் பிடிப்புதான். நைலாக் (நைலான் வளையம் உள்ள நட்), லாக்டைட் (மரையில் விடும் பூட்டுத் திரவம்), ஸ்ப்ளிட் பின் (துளையில் செருகி மடக்கும் கம்பி) எல்லாம் அதற்குப் பிறகு வரும் காவல்.

முதல் சோதனை: ஒரு கோடு

போல்ட்டைச் சரியாக இறுக்கிய பிறகு பெயிண்ட் மார்க்கரால் நட்டின் மேலிருந்து வாஷர் வழியாகத் தகடு வரை ஒரே நேர்கோடு இழுங்கள். நெயில் பாலிஷும் போதும். மறுபுறம் போல்ட் தலைக்கும் அதேபோல ஒரு கோடு வேண்டும். நட் அசையாமல் போல்ட் திரும்பும் கேஸ்கள் நிறைய. மெஷினை வழக்கம்போல ஓடவிட்டு, அடுத்த முறை லூஸானதும் ஸ்பேனர் வைக்காமல் முதலில் கோட்டைப் பாருங்கள்.

கோடு நேராக இருந்தும் போல்ட் லூஸ் என்றால், எதுவும் திரும்பவில்லை. இடையில் ஏதோ நசுங்கியிருக்கிறது அல்லது போல்ட் நிரந்தரமாக நீண்டுவிட்டது. கோடு உடைந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால், நட்டோ போல்ட்டோ திரும்பியிருக்கிறது. கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டில் எது என்று தெரிந்த பிறகுதான் உதவும்.

கோடு அசையவில்லை, பிடிப்பு மட்டும் போய்விட்டது

பெங்களூரில் இதற்கு முதல் குற்றவாளி பவுடர் கோட்டிங். ஒரு முகத்தில் 60 முதல் 80 மைக்ரான் தடிமன் வரும். தலைக்கு அடியில் ஒரு முகம், நட்டுக்கு அடியில் ஒரு முகம், இரண்டு தகடும் ஒட்டும் இடத்தில் இரண்டு முகம் என்று நான்கு அடுக்கு கோட்டிங்கை நசுக்கிக்கொண்டு அந்த போல்ட் நிற்கிறது. அழுத்தத்தில் பவுடர் கோட்டிங் மெல்ல ஒழுகி வெளியேறும். நேற்று டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்கியது இன்று சும்மா திரும்புவதற்குக் காரணம் இதுதான். கோட்டிங்குக்கு அனுப்பும் முன்பே ஓட்டையைச் சுற்றி, வாஷர் உட்காரும் அளவுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கோட்டிங் ஏறிவிட்டால் அந்த வட்டத்தை மட்டும் சுரண்டி உலோகத்தைத் தெரிய வையுங்கள். துருவுக்குப் பயந்தால், இறுக்கி முடித்த பிறகு மேலே டச்சப் பெயிண்ட் அடிக்கலாம்.

அடுத்தது மெல்லிய பஞ்ச் வாஷர். ஓட்டை பெரிதாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் மெல்லிய வாஷர் கிண்ணம்போல உள்ளே குழியும். கழற்றி மேஜை மேல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. தடிமனான, கடினப்படுத்திய வாஷர் வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கேட்கும்போது வெறுமனே ‘வாஷர்’ என்றால் மெல்லியதைத்தான் தருவார்கள். ‘ஹை டென்சைல் போல்ட்டுக்கான ஹார்டன் வாஷர்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பிடிநீளம் (தலைக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள தூரம்) குறைவான போல்ட் இயல்பிலேயே பலவீனமானது. 10 மி.மீ. பிடிநீளத்தில் எம்8 போல்ட் நீள்வது சுமார் 20 மைக்ரான்தான். அதைத் தின்ன ஒரு சின்ன பர் போதும். மெல்லிய தகட்டைத் தடித்த ஃப்ரேமில் மாட்டும் இடங்களில் 20 அல்லது 25 மி.மீ. நீள ஸ்டீல் புஷ் ஒன்றைத் தலைக்கு அடியில் கொடுத்து, அதற்கேற்ப நீளமான போல்ட் போடுங்கள். பிடிநீளம் விட்டத்தைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருந்தால் நல்லது. செலவு குறைந்த வைத்தியம் இது, ஆனால் ஏனோ மிகக் குறைவாகவே கையாளப்படுகிறது.

கிரேடையும் பாருங்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எழுதியிருக்க வேண்டும். எழுத்தே இல்லாத எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) போல்ட்டை 8.8-க்கு உரிய முறுக்கில் இறுக்கினால் அது நிரந்தரமாக நீண்டுவிடும். பழைய போல்ட்டின் மரைமேல் புது நட்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் சிக்கினால் போல்ட் இழுபட்டுவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை.

8.8 போல்ட்டுக்குப் பொதுவான முறுக்கு: எம்6-க்கு சுமார் 10, எம்8-க்கு 25, எம்10-க்கு 49, எம்12-க்கு 85 நியூட்டன் மீட்டர். இது ஸ்டீலோடு ஸ்டீல் சேரும், மரையில் லேசான எண்ணெய்ப் பசை உள்ள நிலைக்கு. நீங்கள் தரும் முறுக்கில் பாதி தலைக்கு அடியில் உராய்விலும், கிட்டத்தட்ட 40 சதவீதம் மரை உராய்விலும் செலவாகிறது. மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. அதனால் மரையில் கிரீஸ் வழிய வழியப் பூசிவிட்டு அதே எண்ணில் இறுக்கினால் போல்ட் அறுந்தே போகலாம். துருப்பிடித்த மரையில் அதே எண்ணில் இறுக்கினால் ரெஞ்ச் ‘க்ளிக்’ சொல்லும், பிடிப்பு மட்டும் வந்திருக்காது.

மரச் சாமான் தனி ஜாதி. பிப்ரவரி, மார்ச்சில் இந்த ஊர்க் காற்று காய்ந்துவிடும். மரம் சுருங்கும், கட்டில் ஆடும். மழைக் காலத்தில் மறுபடி ஊதும். இங்கே முறுக்கைக் கூட்டினால் வாஷர் மரத்துக்குள் புதையுமே தவிர பிடிப்பு நிற்காது. எம்8 போல்ட்டுக்கு 25 முதல் 30 மி.மீ. அகல வாஷர் போட்டு, நைலாக் நட்டால் மிதமாக இறுக்கி, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை இறுக்குங்கள். நைலாக் பிடிப்பைக் காப்பாற்றாது. ஆனால் மரம் சுருங்கிய நாட்களில் நட் தானாகக் கழன்று விழாமல் வைத்திருக்கும்.

மின் இணைப்புத் திருகுகளில் நடப்பதும் இதுவே. பல இழை காப்பர் வயரை நேராக டெர்மினலில் நுழைத்து இறுக்கினால், இழைகள் மெல்ல நசுங்கி இடம் மாறும். திருகு திரும்பாமலே இணைப்பு லூஸாகிச் சூடேறும். வயர் முனைக்கான உலோக உறையான ஃபெரூல் அல்லது லக் ஒன்றை க்ரிம்ப் செய்து (நசுக்கிப் பொருத்தி) மாட்டுங்கள். வயர் முனையில் ஈயம் வைத்து மாட்டும் பழக்கம் நிலைமையை மோசமாக்குகிறது, ஏனென்றால் ஈயம் அழுத்தத்தில் காப்பரைவிட வேகமாக ஒழுகும். மெயினை அணைக்காமல் டெர்மினலைத் தொட வேண்டாம்.

கோடு உடைந்திருக்கிறது: நட் திரும்பிவிட்டது

ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இதற்கான காரணத்தைச் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, அதற்குக் குறுக்கே தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுதான் நட்டைத் திருப்புகிறது. பக்கவாட்டில் வழுக்கும் அந்த நொடியில் மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வு கிட்டத்தட்ட இல்லாமலாகிவிடும். மரையின் சரிவு நட்டைத் தானாகப் பின்னோக்கி ஓட்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: இந்த மூட்டு ஏன் பக்கவாட்டில் நகர்கிறது?

கழற்றித் தகட்டு முகங்களைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, செம்பழுப்பு நிறத்தில் நுண்தூள் இருந்தாலோ அங்கே வழுக்கல் நடந்திருக்கிறது. போல்ட்டின் உடலில் ஒரு பக்கம் மட்டும் மரை நசுங்கியிருந்தாலும் அதே செய்திதான்.

முதல் வைத்தியம் பிடிப்பைக் கூட்டுவது. எம்எஸ் போல்ட் இருந்தால் 8.8-க்கு மாற்றி முழு முறுக்கில் இறுக்குங்கள். பாதிக்கும் மேற்பட்ட கேஸ்கள் இதிலேயே முடிந்துவிடும். அதற்கும் நகர்ந்தால் வழுக்கலைத் தடுக்க வேண்டும். கம்ப்ரஸர் அடித்தளம், மோட்டார் பேஸ் போன்றவற்றில் சரியான இடத்தில் வைத்து இறுக்கிய பிறகு இரண்டு டவல் பின் (இரண்டு பாகத்தையும் சேர்த்துத் துளைத்து இறுக்கமாக அடிக்கும் உருளைக் கம்பி) அடியுங்கள். பக்கவாட்டு விசையை அந்த டவல் பின் தாங்கும், போல்ட் பிடிக்க மட்டும் செய்யும். 10 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. ஓட்டை போட்டிருந்தால், ஓட்டையைச் சரிசெய்யாமல் எந்த லாக்கும் நிலைக்காது.

இதற்குப் பிறகுதான் லாக் பொருட்கள். ஸ்ப்ரிங் வாஷரைப் பற்றி நேராகச் சொல்லிவிடலாம்: முழு முறுக்கு வருவதற்கு வெகு முன்பே அது தட்டையாகிவிடுகிறது, அதன்பின் அது சாதாரண வாஷர். நாசா 1990-இல் வெளியிட்ட ஃபாஸ்டனர் வடிவமைப்புக் கையேடும் இறுக்கிய நிலையில் அதற்குப் பூட்டும் திறன் இல்லை என்றே சொல்கிறது. குறுக்கு அதிர்வுச் சோதனையில் ஸ்ப்ரிங் வாஷர் போட்ட மூட்டு காப்பாற்றப்படுவதில்லை. இருந்தும் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

நைலாக் நட் நம்பர் பிளேட், க்ராஷ் கார்டு, மட்கார்டு, டாப் பாக்ஸ் பிராக்கெட் எல்லாவற்றுக்கும் போதுமானது. நைலான் வளையத்தைத் தாண்டி குறைந்தது இரண்டு மரை வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போல்ட் குட்டை, பூட்டு விழவில்லை. கழற்றிய நட்டை மறுபடி ஓட்டும்போது வெறும் விரலால் வளையம் தாண்டிச் சுழன்றால் அதைத் தூக்கிப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நைலாக் நட்டை இம்பாக்ட் கன்னால் வேகமாக ஓட்டினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகிவிடும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரை ஒட்டாமல் தடுக்கும் ஆன்ட்டி-சீஸ் பசை ஒரு துளி வைத்துக் கையால் மெதுவாக ஓட்டுங்கள்.

பற்கள் உள்ள ஃப்ளாஞ்ச் நட் (அடியில் வாஷர்போல அகன்ற விளிம்பு உள்ளது) வெற்று ஸ்டீலில் நன்றாகக் கடிக்கும். அடியில் வாஷர் போட்டால் அது வாஷரைக் கடிக்கும், வாஷர் தகட்டின்மேல் சுழலும். போட்ட காரியம் வீண்.

அதிர்வு கடுமையாக இருக்கும் ஜல்லடை மெஷின், ஸ்டாம்பிங் பிரஸ் போன்ற இடங்களுக்கு ஜோடியாக வரும் வெட்ஜ் வாஷர். நார்ட்-லாக் இதில் தெரிந்த பெயர். இரண்டு வாஷருக்கும் இடையில் உள்ள சாய்வு, மரையின் சாய்வைவிட அதிகம். நட் திரும்ப முயன்றால் வாஷர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி போல்ட்டை மேலும் இழுக்கும், அதனால் திரும்பவே முடியாது. பெரிய பற்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், நுண்பற்கள் வெளியே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினாலோ, அடியில் சாதாரண வாஷர் ஒன்றைச் சேர்த்தாலோ அது வேலை செய்யாது.

லாக்டைட் போட்டேன், அப்படியும் கழன்றது

இந்த வகைத் திரவம் காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் கெட்டியாகும். பாட்டிலைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் விற்பதும் இதனால்தான். உள்ளே காற்று இருக்கும் வரை அது உறையாது.

பெரும்பாலும் தவறுவது சுத்தம் செய்வதில். போல்ட்டை மட்டும் துடைத்து, ஓட்டையில் இருக்கும் கட்டிங் ஆயிலை விட்டுவிடுவார்கள். இரண்டையும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் அல்லது சுத்தமான அசிட்டோன் தொட்ட பிரஷால் கழுவிக் காயவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், அது மெல்லிய படலத்தை விட்டுப் போகும். பழைய லாக்டைட்டின் வெள்ளைத் தூளையும் கம்பி பிரஷால் எடுக்க வேண்டும்.

பிறகு நட் உட்காரப்போகும் மரையில், எம்8-க்கு இரண்டு மூன்று துளி. சுற்றிலும் நனைய வேண்டும். மூடிய ஓட்டையாக இருந்தால் போல்ட்டில் அல்ல, ஓட்டையின் அடியில் சொட்டுங்கள். போல்ட் உள்ளே இறங்கும்போது காற்று மேலே பீறிட்டுத் திரவத்தை வெளியே தள்ளிவிடும். முழு முறுக்கில் இறுக்குங்கள், லாக்டைட் இருக்கிறதே என்று குறைக்காதீர்கள். அதற்குப் பிறகு ‘சரிபார்க்கிறேன்’ என்று திருப்பிப் பார்க்கக் கூடாது. பாதி உறைந்த படலம் உடைந்துவிடும். முழு பலத்துக்கு 24 மணி நேரம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் துத்தநாக முலாமிலும் உறைவது மிக மெதுவாக நடக்கும். உறைவதை வேகப்படுத்தும் ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே அடித்தால் சரியாகும், இல்லையென்றால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். ஊதா நிறத்தில் 222, சின்ன திருகுகளுக்கும் அட்ஜஸ்ட் செய்து நிறுத்தும் திருகுகளுக்கும். நீலத்தில் 243, எம்6 முதல் எம்20 வரை, பிறகு சாதாரண ஸ்பேனரால் கழற்றலாம், கொஞ்சம் எண்ணெய்ப் பசையையும் தாங்கும். சிவப்பு வகை நிரந்தரத்துக்கு. கழற்ற வேண்டுமானால் சுமார் 250 டிகிரி வரை சூடேற்றி, சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும். சின்ன அலன் போல்ட்டுக்குச் சிவப்பைப் போடுவது, பின்னாளில் அதைக் கழற்றப்போகிறவருக்குச் செய்யும் கொடுமை.

ஹெல்மெட் வைசர், ஹெட்லைட் கவர், ஃபேரிங் போன்ற பிளாஸ்டிக் பக்கமே இதைக் கொண்டுபோக வேண்டாம். பாலிகார்பனேட்டிலும் ஏபிஎஸ்ஸிலும் நுண் விரிசல் விழும். அங்கே நைலாக் போதும்.

செக் நட் போட்டும் நிற்கவில்லை

பத்துக்கு ஒன்பது பட்டறையில் தடித்த நட்டை அடியிலும் மெல்லிய நட்டை மேலேயும் போடுகிறார்கள். அது தலைகீழ். இரண்டு நட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கும்போது சுமையை முழுக்கத் தாங்குவது மேல் நட்தான். அதனால் தடித்த நட் மேலே இருக்க வேண்டும். மெல்லியதை முதலில் போட்டு, முழு முறுக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறுக்குங்கள். பிறகு தடித்த நட்டை இறக்கி, அடி நட்டை மெல்லிய ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மேல் நட்டை முழு முறுக்கில் இறுக்குங்கள். அடி நட்டைப் பிடிக்காமல் விட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும், பூட்டு விழாது.

சூடாகும் இடத்தில் மட்டும் லூஸ்

சைலன்ஸர், அடுப்பு, பாய்லர், டர்போ. நைலானின் எல்லை சுமார் 120 டிகிரி, நீல லாக்டைட் தாங்குவது 180 வரை. சைலன்ஸரில் இரண்டும் ஒரு பயணத்திலேயே கெட்டுவிடும். அங்கே முழு உலோக லாக் நட், அதாவது மேல் பகுதி லேசாக நசுக்கி முட்டைவடிவமாக்கியது. ஜே.சி. ரோட்டுக் கடைகளில் செம்பு பூசியதும் கிடைக்கும். அது ஸ்டட்டோடு (தலையில்லாத போல்ட்) ஒட்டிக்கொள்ளாது.

அலுமினியத்தில் மாட்டிய ஸ்டீல் போல்ட்டுக்கு வேறு பிரச்சினை. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் விரிவது ஸ்டீலைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சூட்டில் பிடிப்பு எகிறும், தலைக்கு அடியில் அலுமினியம் நசுங்கும், ஆறியதும் லூஸ். அகலமான கடின வாஷர் போட்டு அழுத்தத்தைப் பரப்புங்கள். முறுக்கைச் சரிபார்ப்பது எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும்.

இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே போகிறது

ஸ்பேனர் திரும்புகிறது, கனம் மட்டும் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். மரை உரிந்துகொண்டிருக்கிறது அல்லது போல்ட் இழுபட்டுக்கொண்டிருக்கிறது.

புது போல்ட்டிலேயே இப்படி என்றால் அளவு மாறியிருக்கலாம். கடைகளில் மெட்ரிக்கும் பிஎஸ்டபிள்யூ என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல மரையும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் கிடக்கின்றன. எம்6 போல்ட் 6 மி.மீ. விட்டம், கால் அங்குலம் 6.35 மி.மீ. எம்6 போல்ட்டில் கால் அங்குல நட் சொளசொளவென்று ஏறும், இறுக்கினால் வழுக்கும். எம்8-உம் 5/16 அங்குலமும் இன்னும் ஏமாற்றும்: 8 மி.மீ.க்கு 7.94. முதல் சில சுற்று சுகமாகப் போய், பிறகு சிக்கும். சந்தேகம் இருந்தால் த்ரெட் கேஜை மரைமேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளி தெரியக் கூடாது.

அலுமினியக் கவரில் எம்6 மரை உரிந்தால் ஹெலிகாய்ல் (உரிந்த மரைக்குப் பதில் பொருத்தும் கம்பிச் சுருள்)தான் நியாயமான வழி. 6.3 மி.மீ. ட்ரில்லால் நேராகத் துளையுங்கள், பிட்டில் கிரீஸ் தடவினால் துகள் எஞ்சினுக்குள் விழாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த செட்டோடு வரும் தனி டேப்பால் மரை போடுங்கள். சாதாரண எம்7 டேப் உதவாது. சுருளைக் கருவியில் மாட்டி, மேல் முகத்துக்கு அரைச் சுற்று கீழே போகும்வரை இறக்குங்கள், பிறகு அடியில் உள்ள நாக்கைத் தட்டி உடைத்து, உடைந்த துண்டை வெளியே எடுங்கள். எம்8-க்கு 8.3 மி.மீ. ட்ரில். சுருளின் நீளம் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். ஸ்டீல் சுருள் என்பதால் பழைய அலுமினிய மரையைவிட இது உறுதியானது.

அட்ஜஸ்ட் ஸ்க்ரூ விரல் பட்டாலே திரும்புகிறது

இங்கே வேண்டியது பூட்டு இல்லை. அடிக்கடி திருப்ப வேண்டும், ஆனால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். லாக்டைட் இதற்குத் தவறான பொருள். ஒருமுறை செட் செய்து பல மாதம் தொடாத திருகுக்கு ஊதா நிறம் சரி, தினமும் திருப்புவதற்கு இல்லை.

எளியது ஸ்ப்ரிங். கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தலைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு கம்ப்ரஷன் ஸ்ப்ரிங். எம்6 திருகுக்கு உள்விட்டம் 6.5 மி.மீ. உள்ள ஸ்ப்ரிங்கை, நீங்கள் திருப்பும் எல்லை முழுவதும் பாதியாவது அழுந்தியிருக்குமாறு தேர்ந்தெடுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளுவதால் மரையின் லொடலொடப்பும் போய்விடும். இடம் இல்லையென்றால் நாபுக்கு அடியில் ஒரு ஓ-ரிங். ஆனால் அது திருகின் சில மி.மீ. பயணத்துக்குத்தான் தாங்கும்.

நீண்ட பயணம் உள்ள திருகுக்குச் சிறந்தது பக்கவாட்டு நைலான் கட்டை. நட் அல்லது பிளாக்கின் பக்கத்தில் 3.3 மி.மீ. ட்ரில்லால் மரை வரை துளைத்து எம்4 டேப் போடுங்கள். புல் வெட்டும் மெஷினில் போடும் 3 மி.மீ. நைலான் கயிற்றில் 4 மி.மீ. நீளம் வெட்டி உள்ளே விட்டு, மேலே எம்4 கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத திருகு) மெதுவாக இறக்குங்கள். நைலான் திருகின் மரையில் அழுந்திப் பதியும். கிரப் ஸ்க்ரூவைக் கால் சுற்று கூட்டியோ குறைத்தோ திருகின் கனத்தை வேண்டிய அளவுக்கு வைக்கலாம். தேய்ந்தால் கட்டையை மாற்றினால் போதும். கிரப் ஸ்க்ரூவை நேராக மரைமேல் இறக்கினால் மரை கெட்டுவிடும். சூடான இடத்தில் நைலானுக்குப் பதில் பித்தளைத் துண்டு.

துளை போட வழியில்லாத இடத்தில், 0.3 மி.மீ. தூண்டில் நரம்பை மரையின் குறுக்கே நீளவாக்கில் வைத்து அதோடு சேர்த்துத் திருகை உள்ளே ஓட்டுங்கள். தேய்ந்த மரையிலும் பிடிப்பு வரும்.

டெஃப்லான் டேப்பைப் பலர் சுற்றுகிறார்கள். இடைவெளியை அது கொஞ்சம் நிரப்பும், ஆனால் டெஃப்லானே வழுக்கும் பொருள். சில திருப்பலில் கிழிந்து நூலாக வெளியே வரும். தற்காலிகத்துக்கு மட்டும். பளுவைத் தாங்கும் போல்ட்டில் ஒருபோதும் வேண்டாம்.

லேத், மில்லிங் மெஷினின் கிப் ஸ்க்ரூவுக்கு (நகரும் பாகத்தின் லொடலொடப்பைச் சரிசெய்யும் திருகு) எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதற்கே செக் நட் உண்டு. இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடுவதுதான் தொல்லை. அலன் கீயால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் இறுக்குங்கள்.

சுழலும் பாகத்தில் திரும்பத் திரும்பக் கழல்கிறது

சைக்கிளின் இடது பெடல், பெஞ்ச் கிரைண்டரின் இடது சக்கரம், டேபிள் ஃபேன் இறக்கையின் முன் நாப் மூன்றும் இடது மரை. வலது மரை உதிரியை மாட்டினாலோ, தெரியாமல் எதிர்ப்பக்கம் வலுவாக இறுக்கினாலோ மரை போகும். சீலிங் ஃபேனின் டவுன் ராட் (ஃபேனைத் தொங்கவிடும் குழாய்) போல்ட்டில் நட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஸ்ப்ளிட் பின் இல்லாமல் ஃபேனை ஓடவிடக் கூடாது. பழைய பின்னை நேராக்கி மறுபடி போட வேண்டாம். புதிது சில ரூபாய்தான்.

மடங்கும் மூட்டு: இறுக்கினால் மடங்காது, விட்டால் கழல்கிறது

கேட்டின் கீல், மடக்குக் கட்டில், வீல்சேரின் கால்பலகை. பிடிப்பே இருக்கக் கூடாத இடம் என்பதால் நட் திரும்பாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலை. நைலாக் போதும், எடை தாங்கும் மூட்டுக்குக் கேசில் நட்டும் (மேலே வெட்டுகள் உள்ள நட்) அதில் நுழையும் ஸ்ப்ளிட் பின்னும். நகரும் பாகங்களுக்கு இடையே ஒரு நைலான் வாஷர் வைத்தால், பாகம் திரும்பும்போது நட்டையும் இழுத்துக்கொண்டு போகாது.

சக்கரம், பிரேக், ஸ்டீயரிங்

இங்கே கைவைத்தியம் கிடையாது. வண்டியின் மேனுவலில் உள்ள முறுக்கு, அதில் சொன்ன அதே வகை போல்ட். பிரேக் காலிப்பர் போல்ட்டில் தொழிற்சாலை லாக் பூச்சு இருந்தால், கழற்றிய பிறகு புது போல்ட், அல்லது மேனுவல் அனுமதித்தால் சுத்தம் செய்து அது சொல்லும் கிரேடு லாக்டைட். கார் சக்கர நட்டில் கிரீஸும் வேண்டாம், லாக்டைட்டும் வேண்டாம். கூம்பு முகம் உள்ள நட்டுக்குக் கூம்பு முகமே வேண்டும். தட்டை வாஷரைச் சேர்த்தால் சக்கரம் நடுவில் உட்காராது. எதிரெதிர் வரிசையில் இறுக்கி, சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஆறிய நிலையில் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். அப்போதும் எந்த நட்டாவது திரும்பினால், அந்த ஸ்டட்டையும் சக்கர ஓட்டையின் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம்.